கருணைத் தொகையல்ல, உரிமை!

2023 அக்டோபர் 7. ஓசூரைக் கடந்ததும் கர்நாடக எல்லையில் அமைந்துள்ள அத்திபெலேயில், தீபாவளி விற்பனைக்கு வந்த பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கிடங்கில் தீப்பற்றியது. அன்றே 14 பேர் மாண்டனர். பின்னர் மருத்துவமனையிலும் உயிர்கள் பிரிந்தன. மாண்டோரில் பெரும்பாலோர் தமிழக இளைஞர்கள். தருமபுரி மாவட்டத்தின் அம்மாபேட்டை எனும் ஒரே சிற்றூர் தன் பிள்ளைகள் பலரைப் பறிகொடுத்தது. பண்டிகைக் காலக் கூலிக்குச் சென்ற மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

கர்நாடக அரசு 5 இலட்சம் ரூபாயும், தமிழக அரசு 3 இலட்சம் ரூபாயும் நிவாரணம் அறிவித்தன. இத்தொகை தேவையானதே. ஆனால் அது மக்களின் வரிப்பணம். இலாபம் ஈட்டும் முதலாளி செலுத்த வேண்டிய பங்கு எங்கே?

விபத்து நடந்தபோது நடைமுறையிலிருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923 இதற்குத் தெளிவாக விடை கூறியது. பணியின்போது தொழிலாளி இறந்தால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி முதலாளி வழங்க வேண்டும். 20 வயதுக்குக் காரணி 224. மாத ஊதியம் 15,000 ரூபாய் எனில் இழப்பீடு 16 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய்! தாமதித்தால் 12 சதவீத வட்டி; தகுந்த காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதம்.

"அவர்கள் நிரந்தரத் தொழிலாளர் அல்லர், நாலு நாள் வேலைக்கு வந்த பையன்கள்" என்பது முதலாளிகளின் வழக்கமான வாதம். இது செல்லாது. தற்காலிகத் தொழிலாளரை விலக்கிவைத்த சொற்கள் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டன. வெடிபொருள் கையாளும் வேலையும் சட்டத்தின் பட்டியலில் உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்தாலும் முதன்மை முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வாங்கினாலும் அத்தாளுக்கு மதிப்பில்லை. குடும்பத்தார் எல்லை தாண்டி அலைய வேண்டியதுமில்லை. தாம் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுச் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

இவை சட்டப் புத்தகத்தில் உறங்கினால் யாருக்குப் பயன்? ஒன்றிய பாஜக அரசோ 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தி, இருந்த பாதுகாப்பையும் சுருக்கிவிட்டது. மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979 ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. புகைப்படத்துடன் கூடிய கையேட்டையும், இடப்பெயர்வுப் படியையும் கட்டாயமாக்கியது. புதிய தொகுப்பிலோ வரம்பு பத்துப் பேர். இடப்பெயர்வுப் படி மறைந்துவிட்டது. 'எளிமையாக்கல்' என்று அவர்கள் கூறுவது இதைத்தான்!

தோழர்களே, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் திருப்பத்தூரிலும் வேலைக்கு வண்டி ஏறும் ஒவ்வோர் ஊரிலும் நம் கிளைகள் ஒரு பதிவேடு தொடங்கட்டும். அழைத்துச் செல்பவர் யார், வேலையிடம் எது, கூலி எவ்வளவு என எழுதி வைப்போம். விபத்து நேர்ந்தால் முதல் சாட்சியம் அந்தப் பதிவேடே. சட்டத் தொகுப்புகளைத் திரும்பப் பெறும் போராட்டத்தையும், இருக்கும் உரிமையை ஈட்டித்தரும் அன்றாட வேலையையும் ஒன்றாகவே நடத்துவோம். அடுத்த அத்திபெலே நேரும்வரை காத்திருக்கலாகாது.