ஐம்பதுகளின் ஐந்து படங்கள்

தமிழாசிரியர் சினிமாவைப் பற்றி எழுதுதல் தகுமோ என வினவுவாரும் உளர். தமிழின் சுவையை எமக்கு ஊட்டியதில் வகுப்பறையோடு வெண்திரைக்கும் பங்குண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஐம்பதுகளின் படங்கள் யாம் பிறக்குமுன் வந்தவை. ஆயினும் தொலைக்காட்சியிற் பன்முறை கண்டு மகிழ்ந்தோம். அவற்றுள் எம் மனத்துக்கு உவந்த ஐந்தினைக் கீழிருந்து மேலாக ஈண்டு வரிசைப்படுத்துகின்றோம்.

ஐந்தாவது 'மனோகரா' (1954). பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்துக்கு மு. கருணாநிதி வசனம் தீட்டினார். சங்கிலியாற் பிணிப்புண்டு சிவாஜி கணேசன் முழங்குங்கால் மெய் சிலிர்க்காதார் இலர்.

நான்காவது 'கல்யாணப் பரிசு' (1959). ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். அரண்மனையை விடுத்து, ஒருவனையே விரும்பிய தமக்கை தங்கையரின் துயரை எளிய வீடொன்றினுள்ளே காட்டியது.

மூன்றாவது 'ஔவையார்' (1953). கே. பி. சுந்தராம்பாளின் குரலைக் கேட்டபின், ஔவையின் பாடல்களை வேறு குரலில் நினைக்க எம்மால் இயலவில்லை.

இரண்டாவது 'பராசக்தி' (1952). யுத்தத்தால் இரங்கூனை விட்டு அகன்றோர் வழியிற் பட்ட அல்லலும், ஒரு குடும்பம் சிதறுண்ட துயரும் அதிலுள்ளன. இடம்பெயர்வைக் கண்ட எமது நாட்டார்க்கு அது வெறுங்கதையன்று.

முதலாவது 'அந்த நாள்' (1954). வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கியது. ஆடலில்லை, பாடலில்லை, சண்டையுமில்லை. 1943இல் ஜப்பானியர் சென்னையிற் குண்டு வீசியதன் மறுநாட் காலை, வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கின்றான். ஐயத்துக்குரியோர் தத்தம் கூற்றை உரைக்கின்றனர். மெய் எது, பொய் எது எனக் காண்போனும் உடனிருந்து ஆராய வேண்டியவனாகின்றான்.

'மனோகரா'வைக் கடையில் வைத்ததை நண்பர் பலர் பொறார். காரணம் கூறுவோம். பேச்சுப் போட்டிக்கு மாணாக்கரைப் பழக்குங்கால் அப்படத்தின் வசனங்களையே பல்லாண்டு மனனஞ் செய்வித்தோம். ஒருமுறை முதற்பரிசு பெற்ற மாணவனை மறுநாள் அழைத்து, "மனோகரன் ஏன் சினந்தான்? உன் சொற்களிற் கூறு, தம்பி," என்றோம். முதல்நாள் மண்டபம் அதிரப் பேசியவன் வாய் திறவாது தலைகவிழ்ந்து நின்றான். பிழை அவனதன்று, எமதே. முழங்கக் கற்பித்தோம்; எண்ணக் கற்பித்தோமில்லை. 'அந்த நாள்' படத்தை யாம் மீண்டும் மீண்டும் நாடியது அதன் பின்னரே.

படத்தின் குறையை யாம் கூறவில்லை. அதனை யாம் பயன்படுத்திய முறையின் குறையையே கூறுகின்றோம். ஆண்டுதோறும் பேச்சுக்குப் பரிசு வழங்கும் பழைய மாணவ அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள்: மனனத்துக்குத் தரும் பரிசு நிற்க, தன் சொல்லில் தன் கருத்தைக் காரணத்தோடு உரைக்கும் மாணவனுக்கும் ஒரு பரிசை ஏற்படுத்துவீராக. முதற் போட்டிக்குத் தலைப்பும் யாமே தருவோம்: "ஆசிரியரின் இவ்வரிசை பிழையானது." அதனைச் செவ்வனே நிறுவும் மாணவனை முதலில் வாழ்த்துவோரும் யாமே.