தம்பானூருக்குத் தெரிந்ததும் டெல்லி கேட்ட ஆதாரமும்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கும் நாகர்கோவில், நெல்லைக்காரர்கள் எல்லோரும் பத்மநாப சுவாமி கோவிலுக்குப் போவதில்லை. கையில் ரிப்போர்ட் பையோடு சிலர் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸைத் தேடுவார்கள். அவர்கள் போவது ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு.

இது இப்படியிருக்க, புகையிலையால் புற்றுநோய் வருமென்று காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை, எல்லாம் வெளிநாட்டில் செய்தவை என்று 2015 மார்ச்சில் சொன்னவர் திலீப் காந்தி. அப்போது மக்களவையின் சார்நிலைச் சட்டக் குழுவுக்குத் தலைவர். சிகரெட், பீடி, குட்கா பாக்கெட்டுகளின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போடும் விதி அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி அமலாக வேண்டியிருந்தது. குழு நிறுத்தி வைக்கச் சொன்னது. சுகாதார அமைச்சகமும் ஒத்திவைத்தது.

அதே குழுவில் இன்னொரு உறுப்பினர் அன்றைய அலகாபாத் எம்.பி. சியாமா சரண் குப்தா. பீடி முதலாளி. ஓயாமல் பீடி குடித்தும் நோயில்லாதவர்களைக் கொண்டுவந்து நிறுத்தத் தயார் என்றார். சர்க்கரை, அரிசி, உருளைக்கிழங்கால் நீரிழிவு வருகிறதே, அவற்றில் ஏன் எச்சரிக்கை இல்லை என்றும் கேட்டார். யாருடைய சரக்குக்கு விதி எழுதுகிறார்களோ அவரே விதியை ஆராய உட்கார்ந்திருந்தார் என்பதுதான் விசேஷம்.

ஆய்வு இல்லையா? கேரளத்தில் வாய்ப்புற்றுநோய்க்கான காரணங்களை ஆர்.சி.சி. மருத்துவர்கள் 1990-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் பீடியும் அதில் முன்வரிசை. பிறகு 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏழில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005-ல் 'லான்செட்' வெளியிட்ட முடிவு: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் இந்தப் பரிசோதனையால் வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டெல்லியிலிருந்து ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

2016 மார்ச்சில் குழு 50 சதவீதம் போதும் என்றது. ஆனாலும் ஏப்ரலில் 85 சதவீதமே அமலுக்கு வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் விதியை ரத்து செய்தது. சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. படம் பிழைத்தது நீதிமன்றத்தின் தயவில்.

பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது; நெல்லைப் பக்கத்து மேலப்பாளையம், முக்கூடல் வீடுகளுக்கு மாற்று வேலை தேவைதான். ஆனால் எச்சரிக்கைப் படத்துக்கு எதிரான கேடயமாக அந்தப் பெண்களை முன்னால் நிறுத்துவது முதலாளிகள்.

அரசுக்கும் பங்கு உண்டு, நிஜமாகவே. சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் சுமார் 15 சதவீதம் அரசின் எல்.ஐ.சி. வசம். பொதுச் சுகாதாரக் கொள்கையைப் புகையிலை வணிகத்தின் பிடியிலிருந்து காக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3-ஆம் பிரிவு. இந்தியா 2004-ல் அதை ஏற்றது. சுகாதார அமைச்சகம் 2020-ல் தன் அதிகாரிகளுக்கு நடத்தை விதியும் வகுத்தது. நிதி, வணிக அமைச்சகங்களும் நாடாளுமன்றக் குழுக்களும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். குழுவில் உட்காரும்முன் உறுப்பினர்கள் தங்கள் தொழிலை எழுதிக் கொடுத்து, தொடர்புடைய விவாதத்திலிருந்து விலக வேண்டும்.