பேர் உண்டு, பெயர் இல்லை

அட்டனில் நின்று நானுஓயா நோக்கிப் புறப்படும் புகைவண்டி, கொட்டகலையை எய்து முன்னரே சிங்கமலைச் சுரங்கத்துட் புகும். ஏறத்தாழ 560 மீற்றர் நீளமுடைய அவ்விருள்வழி, இந்நாட்டுப் புகைவண்டிச் சுரங்கங்களுள் நெடுங்காலம் மிக நீண்டதாயிருந்தது. உல்லாசப் பயணிகள் பெட்டியின் வாயிலில் நின்று கூவி ஆரவாரஞ் செய்வர். வெளிச்சம் வந்ததும் படம் பிடிப்பர். பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது என்று வழிகாட்டி நூல்கள் கூறும். மலையின் வயிற்றைக் குடைந்த கைகள் எவருடையவை என்பதை மட்டும் அவை கூறமாட்டா.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததென 2023 இல் விழாக்கள் பல எடுத்தோம். முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாக நடந்தும் காட்டினர். அவ்வளவும் நன்றே. விழாப் பந்தல் பிரித்தபின் நம் கையில் எஞ்சியது யாது என்பதே ஈண்டு யான் எழுப்பும் வினா.

வகுப்பில் வேற்றுமை கற்பிக்கும்போது, கருத்தா இருவகைப்படும் என்போம். கொத்தன் சுவர் கட்டினான் என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவுதற் கருத்தா. அரசன் ஒரு கல்லையும் தூக்கியிரான். ஆயினும் வாக்கியத்தின் எழுவாய் அவனே. நுவரெலியாவைச் சுற்றிப் பார்ப்பவர்க்கு இவ்விலக்கணம் நன்கு விளங்கும். ஆங்கிலேய ஆளுநர்கள் கோடையில் குடியேறி ஆட்சி நடத்திய மலைத் தலைநகர் அது. ஏரிக்கு ஆளுநர் கிரகரியின் பெயர். அவர் அதனை 1873 இல் அமைத்தார் என்பர். பூங்காவுக்கு விக்டோரியா அரசியின் பெயர். அட்டன் என்பதே ஸ்கொத்லாந்திலுள்ள ஓர் ஊரின் பெயர். எடின்பரோ, ஹோலிரூட், கிளென்கேர்ன் என அந்நாட்டுப் பெயர்கள் மலைக்கு மலை நிற்கின்றன. பூண்டுலோயாப் பக்கத்தில், சேக்சுபியரின் மக்பெத் நாடகத்தில் வரும் டன்சினேன் குன்றின் பெயரையே ஒரு தோட்டம் தாங்கி நிற்கின்றது. துரைமார் தம் ஊரையும் தம் நாடகத்தையும் கொணர்ந்து இங்கே நட்டனர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்க்கோ, தம்மூர்ப் பெயரை ஒரு குன்றுக்கேனும் சூட்டும் உரிமை வாய்க்கவில்லை. காட்டை வெட்டி வீழ்த்தியதில் சிங்களக் கிராமத்தவர்க்கும் பெரும் பங்குண்டு; அவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லல் வேண்டும்.

பொகவந்தலாவையில் உள்ள சென். மேரி ஆலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையாரின் கல்லறை இருக்கின்றது. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் எனப் பெயர் பெற்றவர் அவர். இந்நாட்டில் இராசகாரிய முறை ஒழிதற்குக் காரணமாயிருந்த ஆணைக்குழுவில் ஒருவராகிய சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி. இறுதி ஆண்டுகளை இங்கே கழித்து 1879 இல் மறைந்தார். தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் அவர் எடுத்த படங்கள் இன்று மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. படத்தில் முகம் தெளிவாக இருக்கின்றது. கண் நம்மை நோக்குகின்றது. அந்த முகங்களுட் பலவற்றுக்குப் பெயர் இல்லை. எடுத்தவர் துயிலும் இடத்தைக் கல் காட்டுகின்றது. எடுக்கப்பட்டவர் எந்த மலைச்சரிவில், எந்தத் தேயிலைச் செடியின் அடியில் துயில்கின்றாரோ!

இன்னொன்று கூறுவேன். 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையை வாணிகப் பயிராக நட்டவர் ஜேம்ஸ் டெய்லர். இரண்டு ஆண்டில் கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் பற்றி அத்தொழிலையே அழிக்கத் தொடங்க, அவர் நட்ட பயிரே நாட்டைத் தாங்கிற்று. அவர் 1892 இல் இறந்தபோது, பன்னிருவர் கொண்ட இரண்டு குழுவினர் மாறி மாறிச் சுமந்து அவ்வுடலைக் கண்டிக்குக் கொண்டு சென்றனர். கங்காணிமாரும் தொழிலாளரும் "சாமி துரை" என்று அரற்றியவாறு பின்னே நடந்தனராம். டெய்லரின் வரலாற்றை எழுதுவோர் இதனை அவர் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவர். எனக்கோ அந்த எண்ணே கண்ணில் உறுத்துகின்றது. சுமந்தவர் 24 பேர். பேர் என்று எண்ணினார்களே அன்றிப் பெயர் என்னவென்று எழுதினார்களில்லை.

வெளியூர் வாசகர் அறியாத ஒன்றை இங்கே விளக்கல் வேண்டும். தோட்டத்து வழக்கில் பேர் என்பது ஆளைக் குறிப்பதன்று. ஒருநாள் வேலையைக் குறிப்பது. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், எத்தனை நாட் சம்பளம் என்பது பொருள். காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போய், குறித்த இறாத்தல் கொழுந்து கொய்து வந்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். இறையனார் களவியல் தொட்டு இன்றுவரை எழுந்த உரைகள் எதிலும் பேர் என்னுஞ் சொல்லுக்கு இப்படியொரு பொருளை யான் கண்டதில்லை. மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டலாம் என்று கண்டுபிடித்தவர் எவரோ, அவர் கணக்கில் வல்லவர்தாம்.

இனி, கடல் கடந்து சற்று நோக்குவோம். அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டன், வெண்சலவை மாளிகைகளால் உலகப் புகழ் பெற்றது. அந்நகருக்கு நிலம் அளந்த காலத்தில், 1791 இல், அளவைக் குழுவிற் பணியாற்றியவருள் பெஞ்சமின் பனக்கர் என்னுங் கறுப்பின வானியல் அறிஞரும் ஒருவர். 1792 இல் அடிக்கல் நாட்டிய வெள்ளை மாளிகைக்கும், அதனை அடுத்து எழுந்த கப்பிற்றல் என்னும் பேரவை மாளிகைக்கும் கல் வெட்டியவரும் மரம் அறுத்தவரும் செங்கல் சுட்டவருமாகிய பலர் ஆபிரிக்க வழிவந்த அடிமைகள். உடையவரிடமிருந்து அவர்களை வாடகைக்குப் பெற்றார்கள். கூலி உடையவர் கைக்கே போயிற்று. மாளிகையின் உச்சியில் நிற்கும் சுதந்திரச் சிலையை வார்க்கும் பணியில் பிலிப் ரீட் என்பவர் ஈடுபட்டபோது அவரும் அடிமையே. 1862 இல் அந்நகரத்து அடிமைகள் விடுதலை பெற்றனர். 1863 டிசெம்பரில் சிலை உச்சியேறிய போது அவர் சுதந்திர மனிதர். சுதந்திர தேவிக்குத் தன்னுடலைத் தானே ஆளும் உரிமையில்லாத ஒருவன் வடிவு கொடுத்தான் என்பதைப் புலவன் கற்பனையிற் பாடியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்போம்.

இவ்வளவும் நெடுங்காலம் பெரும்பாலார் அறியாதிருந்தவை. பின்னர் வெளிவந்தது எவ்வாறு? சம்பளப் பட்டியல்கள் அழியாமல் இருந்தன. வெள்ளை மாளிகையில் வேலைசெய்த தச்சருக்கான பட்டியலிலே பீட்டர், டாம், பென், ஹாரி என்று குலப்பெயரற்ற மொட்டைப் பெயர்கள் இருந்தன. பணம் கொடுத்ததற்காக எழுதிய கணக்கு அது, மனிதரை நினைத்து எழுதியதன்று. ஆயினும் ஆராய்வோர் கையில் அதுவே சான்றாயிற்று. 2012 இல் கப்பிற்றல் மாளிகையின் விடுதலை மண்டபத்தில், அவ்வடிமைகளின் உழைப்பைக் கூறும் கல் ஒன்றை நிறுத்தினார்கள்.

அடிமையும் தோட்டத் தொழிலாளியும் ஒன்றென யான் கூறவில்லை. நம்மவரைச் சந்தையில் ஏலங் கூறி விற்கவில்லை. கங்காணியின் கடனும், 1921 வரை நிலைத்த துண்டு முறையும் அவர்களைக் கட்டிவைத்தன என்பது வேறு செய்தி. யான் ஒப்பிடுவது கணக்கேட்டை. அங்கே சம்பளப் பட்டியல், இங்கே செக்ரோல். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு நாளும் பெயர் எழுதிப் பேர் போட்ட ஏடு அது. ஆகவே நம் முன்னோர் பெயரற்றவர் என்று மேடையில் இரங்குவது பிழை. பெயர்கள் எழுதப்பட்டன, நாம்தாம் அவற்றைப் படிக்கவில்லை.

அப்பெயர்களின் விலையை 1949 இல் ஒருமுறை அறிந்தோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை வெளியே நிறுத்திய பின், மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததைக் காட்டுக என்றது. எழுதப் படிக்க அறியாதவர் எதைக் காட்டுவர்? தோட்டப் பதிவேட்டைத்தான் தேடினர். விண்ணப்பத்தில் அடங்கியோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரவர். உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவரே. 1964 ஒப்பந்தமும் 1974 ஒப்பந்தமும் எஞ்சியோரைத் தலையெண்ணிப் பங்கிட்டன. நாடற்றோர் என்ற நிலை நீங்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இன்றுங்கூடச் செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக, சேமலாப நிதிக்கு அலையும் முதியோரை நாம் காணாமல் இல்லை.

நடுகல் நாட்டிய மரபினர் நாம். காட்சி முதல் வாழ்த்து ஈறாகக் கல் நிறுத்தும் துறைகளைத் தொல்காப்பியம் வகுத்தது. தஞ்சைப் பெரிய கோயிற் சுவரிலே இராசராசன் தன் பெயரோடு நில்லாது, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயரும் தெருவும் வீட்டு எண்ணும் சுட்டிப் பொறித்தான். பெருந்தச்சன் பெயரும் உண்டு. கருங்கல்லை இழுத்தவன் பெயர் அங்கும் இல்லை என்று மாணவன் ஒருவன் எழுந்து சொன்னான். அவன் சொன்னதும் சரியே.

கண்டி அந்தனையில் 2001 இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் டெய்லர் புழங்கிய பொருள்களைக் காணலாம். கம்பளைக்கு அருகே தோட்டத்துப் பழைய லயம் ஒன்றில், தொழிலாளர்க்கென 2007 இல் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. அம்மியும் கொழுந்துக் கூடையும் கண்ணீரை வருவிக்கும். இவ்விரண்டாலும் மட்டும் போதாது. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுக்கு மாறின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கைமாறுந்தோறும் பழைய ஏடுகளுக்குக் காவலர் இல்லாமற் போயினர். கறையானும் மழையும் நம் விழாக் குழுக்கள் கூடும்வரை காத்திரா. சுவடிக்கூடமோ பல்கலைக்கழகமோ முன்வந்து எஞ்சியவற்றைத் திரட்டுதல் வேண்டும். அதுவரை, கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலை ஆசிரியரும் தம் தோட்ட ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கலாம். அதற்குப் பெருஞ் செலவில்லை. தோட்டக் காரியாலயத்தில் இசைவு கேட்கும் துணிவு வேண்டும்.

சில ஆண்டுகட்கு முன் ஒரு பலகாரக் கடையில் வடை சுற்றித் தந்த தாள், கோடு கிழித்த பழைய ஏட்டின் ஒரு பக்கமாயிருந்தது. எண்ணெய் ஊறிய இடம் போக, பதினொரு பெயர்களைப் படிக்க முடிந்தது. ஒருத்திக்கு அம்மாதம் 22 பேர். அவற்றுள் ஐந்து அரைப்பேர். எஞ்சிய பக்கங்கள் எங்கே என்று கடைக்காரரை வினவினேன். "நேத்துத்தான் ஐயா தீர்ந்துபோச்சு" என்றார்.