இரண்டாம் கைக்குப் போகும் பொருள்

கைபேசியின் பேட்டரியைப் பேணுவது எப்படி என்பது ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்ந்துவிட்டது. (மின்கலம் என்று எழுதுவதே தமிழாசிரியருக்கு அழகு. ஆனால் பழுதுபார்க்கும் கடையில் மின்கலம் கேட்ட எவரையும் நாம் கண்டதில்லை. பேட்டரி என்றே இருக்கட்டும்.) இருபதுக்குக் கீழே இறங்க விடக்கூடாது, எண்பதுக்கு மேல் ஏற்றக்கூடாது, இரவெல்லாம் சார்ஜரில் கிடத்தக்கூடாது, வெயில் படக்கூடாது. பிள்ளை பெற்றவளுக்குக்கூட நம் வீடுகளில் இத்தனை பத்தியம் சொல்வதில்லை.

இவை பொய்யல்ல. முழுதாக ஏறிய லித்தியம் அயனிக் கலம் 4.2 வோல்ட்டிலோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். அந்த உச்சத்திலேயே நெடுநேரம் இருந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் பெருகும். வெப்பமும் சேர்ந்தால் அவை இன்னும் விரையும். எனவே எண்பதில் நிறுத்துவதும், சூடேறும்போது தடித்த உறையைக் கழற்றுவதும் பயன் தருபவையே. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி ஒளிர்வதில்லை என்பதால் கறுப்புப் பின்னணியும் உதவும். செயலிகளை ஓயாமல் மூடிக்கொண்டிருப்பது மட்டும் வீண்வேலை. மூடியதைத் திரும்பத் திறக்கவே கூடுதல் மின்சாரம் செலவாகும்.

நம் மனத்தாங்கல் வேறு. ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும், 15 முதல் வந்தவற்றின் பேட்டரி 1000 சுற்றுகளுக்குப் பிறகும், உகந்த சூழலில், 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. தேய்மானம் பிறவியிலேயே எழுதப்பட்டது. மிதிவண்டியின் டயரும் தேயத்தான் செய்கிறது. ஆயினும் டயர் தேய்ந்தால் வண்டியையே மாற்றச் சொல்லும் கடைக்காரர் இல்லை.

மிதிவண்டி என்றதும் ஒன்றை நினைக்கத் தோன்றுகிறது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் மெர்லின், டென்னசியில் லைட்ஸ்பீடு ஆகிய பட்டறைகள் டைட்டானியத்தில் மிதிவண்டி ஃபிரேம்களைச் செய்தன. மூன்று விழுக்காடு அலுமினியமும் இரண்டரை விழுக்காடு வனேடியமும் கலந்த அந்த உலோகக்கலவை, வானூர்திகளின் ஹைட்ராலிக் குழாய்களுக்குப் பயன்பட்டு வந்தது. துருப்பிடிக்காது, எஃகைவிட அடர்த்தி பெரிதும் குறைவு, பெரும்பாலும் வண்ணமே பூசப்படுவதில்லை. பற்றவைப்பதுதான் கடினம். சூடேறிய டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். ஆகவே குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயுவால் காத்தபடி பற்றவைக்க வேண்டும். அந்தப் பொறுமையின் விலையைத்தான் முதலில் வாங்கியவர் கொடுத்தார்.

முப்பது ஆண்டு கழித்தும் அவை கைமாறுகின்றன. விற்பவருக்கும் சில கடமைகள் உண்டு. பற்றவைப்புகளின் ஓரத்திலும் பெடல் அச்சுக் கூட்டின் அருகிலும் மயிரிழை விரிசல் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அலுமினிய இருக்கைத் தண்டு டைட்டானியக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அரித்து இறுகிக்கொள்ளும். அது கழல்கிறதா என்று பாராமல் விலை சொல்வது அறமன்று. பின்சக்கர இடைவெளி 126 மில்லிமீட்டரா 130 மில்லிமீட்டரா, முன்குழாய் ஓர் அங்குல வகையா என்பதையும் அளந்து எழுத வேண்டும். பல தயாரிப்பாளர்களின் வாழ்நாள் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே என்பதை மறைக்கக்கூடாது. மேனியில் விழுந்த கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பாத்திரம் தேய்க்கும் நார் போன்ற உராய்பட்டை கொண்டு மெல்லத் தேய்த்தால் பழைய பொலிவு பெரும்பாலும் திரும்பும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதற்குப் பொருந்தும் என்று உலோகத்தை மட்டும் புகழ்ந்து நகர்ந்துவிடலாகாது. அக்காலத்து ஃபிரேம்கள் பலவற்றின் பெடல் அச்சுக் கூட்டில் உள்ளது ஆங்கில மரை. அந்த மரைக்குரிய உறுப்பை இன்றும் பல நிறுவனங்கள் செய்கின்றன. வட்டத்தட்டு பிரேக்குடன் வரும் புதிய சக்கரங்கள் அவற்றில் பொருந்தா என்பது உண்மைதான். ஆனால் பொருந்துபவை கிடைக்காமல் போகவில்லை. செய்தவரின் தயவை நாடாமல் பிறர் திறந்து மாற்ற முடிந்ததே அதன் நீண்ட ஆயுளுக்குப் பாதிக் காரணம் என்பது நம் துணிபு.

இங்கே ஒரு வேடிக்கை. 1970களில் எக்சான் நிறுவன ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் உருவாக்கிய, மறுபடி மின்னேற்றத்தக்க லித்தியம் பேட்டரியின் நேர்மின்வாய் டைட்டானியம் டைசல்ஃபைடால் ஆனது. அப்பணிக்காக 2019இல் அவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் இல்மனைட்டிலும் இருப்பது அதே தனிமம். ஒரே தனிமம் ஓரிடத்தில் மூன்று தலைமுறைப் பொருளானது. மற்றோரிடத்தில் பத்தியம் காக்கும் நோயாளிக்கு மூதாதை ஆனது. குற்றம் தனிமத்தில் இல்லை.

பசையிட்டு ஒட்டாவிட்டால் கைபேசிக்குள் நீர் புகும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. 2014இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5இன் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை மாற்ற முடிந்தது. அது நீர்காப்புத் தரமும் பெற்றிருந்தது. விடை அத்தோடு நில்லாது. பேட்டரி நலிந்த பழைய ஐபோன்களை மென்பொருள் வழியே மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதனைப் பயனருக்குத் தெரிவிக்காமைக்காக 2020இல் பிரான்சு இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்தது. புதிய பேட்டரி இட்டால் வேகம் திரும்பும் என்பதை அறியாமல் புதிய கைபேசியே வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். விற்பனை நின்ற பின்னும் ஏழாண்டுகள் உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு குழு அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலும் திறக்கப்பட்டது. தகவல் தருவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. ஏழாண்டு உதிரிப்பாகம் என்ற விதியையாவது நம் நாடும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். அந்த உதிரிப்பாகம் தெருமுனைக் கடைக்காரர் கைக்கும், நிறுவனத்தின் சொந்த மையத்துக்குக் கிடைக்கும் அதே விலையில் எட்ட வேண்டும்.

பழைய கைபேசி வாங்க வருபவர் முதலில் கேட்பது பேட்டரி எத்தனை விழுக்காடு என்பதையே. பழைய டைட்டானிய ஃபிரேம் வாங்க வருபவர் கேட்பது இருக்கைத் தண்டு கழல்கிறதா என்று.