அமைதியான தெரு வாடகைக்குக் கிடைக்குமா?

பழனியில் குடியிருப்பதால் ஒரு கேள்வி எனக்கு மாதம் இரண்டு முறையாவது வந்துவிடுகிறது. "ரெண்டு நாள் தங்கணும் சார். அடிவாரத்துக் கூட்டம் வேண்டாம். பழைய வீடுங்க இருக்கிற அழகான தெருவா, சத்தம் இல்லாத இடமாப் பார்த்துச் சொல்லுங்க." கேட்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள், வேண்டியவர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு இனிமேல் நான் தெருப் பெயர் சொல்வதாக இல்லை. ஏன் என்பதை ஒரு தடவை விவரமாக எழுதிவிடுகிறேன்.

ஒரு தெருவின் அமைதி தானாக வருவதில்லை. அங்கே குடியிருக்கிறவர்கள் சேர்ந்து உண்டாக்குவது அது. பெரியநாயகி அம்மன் கோயில் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளைப் பாருங்கள். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்து வைக்கிறார்கள். புதிய ஆள் தெருவுக்குள் வந்தால் திண்ணையில் இருக்கும் பாட்டி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கிறாள். கூலி வாங்காத காவல் அது.

இந்தத் தெருவில் ஒரு வீடு நாள் வாடகைக்குப் போகிறது என்று வையுங்கள். வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பார். கதவில் நம்பர் பூட்டு. எண்ணை செல்போனில் அனுப்பிவிடுவார். ராத்திரி ஒரு மணிக்கு வேன் வந்து நிற்கும், பன்னிரண்டு பேர் இறங்குவார்கள். குப்பை வண்டி போன பிறகு குப்பைப் பை வாசலுக்கு வரும். யாரிடம் போய்ச் சொல்வது? நேற்று வந்தவர்கள் இன்று இல்லை. சில மாதத்தில் எதிர் வீட்டுக்காரரும் கணக்குப் போடுகிறார். நாலு சனிக்கிழமை வசூல் மாத வாடகையைத் தாண்டுகிறது. மாத வாடகைக்கு இருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பூக்கட்டுகிற குடும்பத்துக்கும் "காலி பண்ணிக்குங்க" என்று சொல்லியாகிவிடுகிறது. அமைதியைத் தேடி வந்தவர்கள் அமைதியை உண்டாக்கியவர்களையே வெளியேற்றிவிட்டார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். நான் பிறந்து, பிரெஞ்சில் படித்து, குமாஸ்தாவாக இருந்த ஊர். பிரெஞ்சில் ஒரு பேட்டையைக் 'கார்த்தியே' என்பார்கள். வாழ்கிற மனிதர்களும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள துய்மா தெருவிலும் சுஃப்ரேன் தெருவிலும் என் சிறுவயதில் குடும்பங்கள் இருந்தன. மாடியில் துணி காயும், சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது எத்தனையோ வீடுகள் ஓட்டலாகவும் உணவகமாகவும் ஆகிவிட்டன. மஞ்சள் சுவர் பளபளவென்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. வாசல் நாற்காலியைத்தான் காணோம்.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் கால்வே சுப்பராய செட்டித் தெரு இருக்கிறது. அங்கே திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகளை இன்டாக் அமைப்பு அழகாக மீட்டெடுத்தது. 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் திண்ணையைப் புதுப்பித்தவர்கள் அதில் உட்காரும் ஆளையும் காப்பாற்ற முடியுமா? அது ஊராருடைய பொறுப்பு.

"பென்ஷன் இல்லாத பெரியவங்க ஒரு ரூமை வாடகைக்கு விட்டுப் பிழைச்சா உங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களை நான் எதிர்க்கவே இல்லை. வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் வருகிறவர் விருந்தாளி. சத்தம் போட்டால் அதட்ட ஆள் உண்டு. நம்முடைய பழைய வழக்கமும் அதுதான். வழிப்போக்கன் திண்ணையில் படுத்தான், வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். கூட்டமாக வருகிறவர்களுக்குச் சத்திரமும் மடமும் இருந்தன. செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடியோடு நடந்து வருகிற நகரத்தார் எத்தனையோ தலைமுறையாக வருகிறார்கள். எடப்பாடி பக்தர்களுக்கு மலைமேலேயே ஓர் இரவு தங்கும் உரிமை உண்டு. இவர்களுக்காக யாரும் குடித்தனத்தைக் காலி செய்யவில்லை.

"உலகமே இப்படித்தான் போகுது" என்று இன்னொரு சமாதானம் சொல்கிறார்கள். உலகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. பாரிஸ் நகரில் ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட ஆண்டுக்கு 120 நாள் வரை அனுமதி இருந்தது. 2025 முதல் அதை 90 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பார்சிலோனாவில் சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028-க்குள் முடித்துவிடப் போவதாக மேயர் 2024-இல் அறிவித்தார். இரண்டுமே பயணிகளால் கொழிக்கிற நகரங்கள். வராதீர்கள் என்று அவை சொல்லவில்லை. ஊர்க்காரர் குடியிருக்க இடம் விடுங்கள் என்கின்றன.

நம் ஊருக்கு அவ்வளவு பெரிய நடவடிக்கைகூட வேண்டாம். ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை இது. ஆள் குடியிருக்காமல் நாள் வாடகைக்கு மட்டும் ஓடுகிற வீடு வியாபார இடம். அதற்கு வணிகச் சொத்துவரி, வணிக மின்கட்டணம் போடட்டும். இலவச மின்சார யூனிட் என்பது குடும்பங்களுக்குக் கொடுத்த சலுகை, தங்கும் விடுதிக்கு அல்ல. நகராட்சியில் ஒரு பதிவேடு, வாசலில் பொறுப்பாளரின் பெயரும் போன் எண்ணும், இது போதும்.

சரி, வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? பழனியில் அமைதி தெருவில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. தைப்பூசத்தன்று தேர் ஓடுவதே ரத வீதியில்தான். பங்குனி உத்திரத் தேர் கிரி வீதியைச் சுற்றும். அந்த நாட்களில் எந்தச் சந்திலும் அமைதி கிடைக்காது. கார்த்திகை, செவ்வாய், சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முகூர்த்தம் இல்லாத ஒரு புதன்கிழமை வாருங்கள். தேவஸ்தானத்தின் தண்டபாணி நிலையத்தில் தங்குங்கள். இல்லாவிட்டால் லாட்ஜாகவே கட்டிய லாட்ஜில் தங்குங்கள். விடியற்காலையில் கிரி வீதியைச் சுற்றி நடங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 முதல் அங்கே தனியார் வாகனங்களுக்குத் தடை, நிம்மதியாக நடக்கலாம்.

பிறகு எங்கள் தெருக்களுக்கும் தாராளமாக வாருங்கள். காபி குடியுங்கள், கோலத்தைப் பாருங்கள். திண்ணைப் பாட்டி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல், "சும்மா ஊரைப் பார்க்க வந்தோம் பாட்டி" என்று சொல்லுங்கள். உட்காரச் சொல்லுவாள். பேசிவிட்டு, படுக்க உங்கள் லாட்ஜுக்குப் போய்விடுங்கள்.