வாங்கும்போது இரும்பு, வழக்கு வந்தால் துப்பாக்கி!

பஞ்சாலைத் தோழர்களுக்குக் காயலான் கடை தெரியாததல்ல. மூடிப்போன மில்லின் ஸ்பிண்டில், பல்சக்கரம், பேரிங் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு வரலாம். "இதை எங்கே பூட்டப் போகிறாய்?" என்று கடைக்காரன் கேட்பதில்லை. கேட்க அவசியமும் இல்லை. ஸ்பிண்டில் யாரையும் சுட்டுக் கொல்வதில்லை.

அமெரிக்காவில் துப்பாக்கியையும் இப்படி வாங்கலாம். குழல் ஒருவனிடம், தோளில் அணைக்கும் கட்டை இன்னொருவனிடம், விசைக்கூட்டு மூன்றாமவனிடம். புதிதும் உண்டு, ஒருவன் பூட்டிச் சுட்டுப் பார்த்துப் பிடிக்காமல் கழற்றியதும் உண்டு. 1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு ரைபிளில் 'துப்பாக்கி' என்ற பேருக்கு உரியது ஒரே ஒரு பாகந்தான். அது 'ரிசீவர்' என்ற உடல்பாகம். அதில்தான் எண் குத்துகிறார்கள். அதை லைசென்ஸ் கடையில் வாங்கினால்தான், 1993-ல் வந்த பிராடி சட்டப்படி, வாங்குகிறவன் குற்றவாளியா என்று விசாரிக்கிறார்கள். மற்ற பாகமெல்லாம் மத்திய சட்டத்தின் கண்ணில் வெறும் இரும்பு. தபாலில் வரும், பேர் கேட்க ஆளில்லை.

இந்தப் பழைய சாமான் சந்தையில் அதிகம் கைமாறுவது குழலின் வாயில் திருகும் சிறு உருளை. சுடும்போது குழல்வாயில் எழும் நெருப்பொளியை மறைப்பது ஒரு வகை. அதற்கு 'பிளாஷ் ஹைடர்' என்று பேர். வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, துப்பாக்கி தோளை உதைக்கும் உதையைக் குறைப்பது இன்னொன்று. அது 'மஸில் பிரேக்'. உதை குறைந்தால் அடுத்த குண்டுக்குக் குறி கலையாது. ஏஆர்-15 வகை ரைபிள்களில் பெரும்பாலும் அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை என்பது கணக்கு. எந்தக் கம்பெனி செய்தாலும் பொருந்தும். பிட்டர் வேலை தெரிந்த தோழருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மரை ஒன்றாக இருக்கும் இடத்தில் பழைய சாமானுக்கு என்றும் கிராக்கிதான்.

இந்தப் பெருவிரல் அளவு உருப்படியை வைத்துக்கொண்டு அமெரிக்க சர்க்கார் பத்து வருஷம் ஒரு நாடகம் நடத்தியது. ராணுவ மாதிரி ரைபிள்களைத் தடை செய்கிறோம் என்று 1994 செப்டம்பர் 13-ல் ஒரு சட்டம் வந்தது. எது ராணுவ மாதிரி? மடக்கும் கட்டை, கைத்துப்பாக்கி போன்ற பிடி, சனியன் மாட்டும் இடம், பிளாஷ் ஹைடர் அல்லது அதை மாட்டுவதற்கான மரை, எறிகுண்டு ஏவும் கருவி என ஐந்து அடையாளங்களை எழுதினார்கள். தோட்டாக்கூடு கழற்றி மாட்டக்கூடிய, விசை தட்டத் தட்ட ஒவ்வொரு குண்டாகச் சுடும் ரைபிளில் இவற்றில் இரண்டு இருந்தால் தடை. முதலாளிகள் என்ன செய்தார்கள்? சனியன் மாட்டும் இடத்தை அரத்தால் ராவினார்கள். பிளாஷ் ஹைடரைக் கழற்றிவிட்டு மஸில் பிரேக்கைக் கழற்ற முடியாதபடி பற்றவைத்தார்கள். அதே ரைபிள், அதே குண்டு, அதே வேகம். சட்டத்துக்கு மட்டும் அது வேறு சாமான்! அந்த நாளுக்கு முன்னால் செய்தவற்றை விற்கத் தடையில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அதனால் பழையதற்கு விலை ஏறியது. புதியதை விடப் பழையது அதிக விலைக்குப் போகும் அதிசயத்தைக் காயலான் கடைக்காரன்கூடப் பார்த்திருக்க மாட்டான். 2004-ல் காலக்கெடு முடிந்து அந்தச் சட்டமும் செத்தது.

இது விளையாட்டல்ல. கனெக்டிகட் மாநிலத்தில் இதே மாதிரி அடையாளம் எண்ணும் மாநிலச் சட்டம் தனியாக இருந்தது. 2012 டிசம்பர் 14-ந் தேதி அங்கே நியூடவுன் ஊரில், சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்த புஷ்மாஸ்டர் ரைபிள் அந்த மாநிலச் சட்டப்படி சரியான சரக்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள், தோழர்களே. அடையாளக் கணக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை.

பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். அப்போதுதான் சட்டத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. துப்பாக்கி செய்கிறவனையும் விற்கிறவனையும், அதைக் கொண்டு பிறர் செய்யும் குற்றத்துக்காக வழக்குக்கு இழுக்கக் கூடாது என்று 2005-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியிருந்தது. அந்தப் பாதுகாப்பு எதற்கெல்லாம்? துப்பாக்கிக்கு, தோட்டாவுக்கு, அவற்றின் உதிரிபாகங்களுக்கும்! 1968 சட்டத்தில் குழலும் கட்டையும் வெறும் இரும்பு. ஆகவே வாங்குகிறவனை விசாரிக்க வேண்டாம். 2005 சட்டத்தில் அதே குழலும் கட்டையும் துப்பாக்கிக் குடும்பம். ஆகவே முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம். விற்கும்போது ஒரு பேர், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் இன்னொரு பேர். இதை ஓட்டை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஓட்டை தானாக விழுவது. இது உளி வைத்துச் செதுக்கியது என்பதே நம் அபிப்பிராயம்.

விளம்பரம் செய்த விதம் மாநில வியாபாரச் சட்டத்துக்கு விரோதம் என்ற ஒரே சந்தில் நுழைந்து அந்தப் பெற்றோர்கள் போராடினார்கள். 2022 பிப்ரவரியில் ஒன்பது குடும்பங்களுக்கு 7 கோடியே 30 லட்சம் டாலர் என்று சமரசமானது. கொடுத்தது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள்.

வேறு பாகங்களின் கதையும் இதேதான். 2017 அக்டோபர் 1-ல் லாஸ் வேகாஸ் நகரில் 60 பேர் சாகக் காரணமான ரைபிள்களில், உதையையே பயன்படுத்தி இயந்திரத் துப்பாக்கி போலச் சுடவைக்கும் கட்டையை மாட்டியிருந்தான் கொலைகாரன். சர்க்கார் அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட் 6-க்கு 3 என்ற கணக்கில் தடையைத் தள்ளிவிட்டது. ரிசீவரை முக்கால் பங்குக்கு மேல் செய்து, மீதியை வீட்டில் துளை போட்டுக்கொள் என்று விற்ற பெட்டிகளுக்கு மட்டும் 2022-ல் எண்ணும் விசாரணையும் வந்தன. அதை 2025 மார்ச்சில் அதே கோர்ட் ஒப்புக்கொண்டது. கிடைத்தது இவ்வளவுதான்.

சரி, இந்த வியாபாரத்தில் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? புஷ்மாஸ்டரும் ரெமிங்டனும் ஒரே நிதி முதலாளிக் கூட்டத்தின் கையில் இருந்தன. செர்பெரஸ் என்று பேர். 2018-ல் ஒரு திவால், 2020-ல் இன்னொரு திவால். கம்பெனியையே காயலான் கடைச் சரக்காகப் பிரித்து விற்றார்கள். தோட்டாப் பிரிவு ஒருவனுக்கு, மார்லின் என்ற மார்க் இன்னொருவனுக்கு. சைலன்சரும் குழல்வாய்ச் சாமான்களும் செய்த ஏஏசி என்ற மார்க், தென் கரோலினா மாநிலத்து முதலாளிகளுக்கு. நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்ற சிற்றூர் ரெமிங்டன் பட்டறையை நம்பிப் பல தலைமுறை வாழ்ந்த ஊர். 2020 அக்டோபரில் அங்கே 585 தொழிலாளர்களை வெளியே தள்ளினார்கள். ஒப்பந்தப்படி தரவேண்டிய நஷ்டஈட்டையும் விடுமுறைச் சம்பளத்தையும் தர மறுத்ததாக அவர்களுடைய சங்கம் குற்றம் சாட்டியது. (அது சுரங்கத் தொழிலாளர் சங்கம் என்பது ஒரு விசேஷம்.) புது முதலாளி வந்து கொஞ்சம் பேரை எடுத்தான். 2024 மார்ச்சில் அவனும் பூட்டிவிட்டு, சங்கத்துக்கு இடம் குறைவான ஜார்ஜியாவுக்குப் போனான். சுமார் 270 பேர் தெருவில் நின்றார்கள். மார்க்குக்கு விலை கிடைத்தது, கைக்குக் கிடைக்கவில்லை.

வேட்டைக்கும் குறிபார்க்கும் பந்தயத்துக்கும் பழைய பாகம் வாங்குகிறவர்கள் அங்கே ஏராளம். அவர்களில் நம்மைப் போன்ற உழைப்பாளிகளும் உண்டு. கழற்றிய மஸில் பிரேக்கை நாலு காசுக்கு விற்கிறவனோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் பாகத்தைக் கணக்கில் எழுதினால் நாடு குடிமுழுகிப் போகும் என்பது சுத்தப் பொய். நம் நாட்டு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பாகங்களையும், சத்தத்தையோ நெருப்பொளியையோ குறைக்கும் சாமான்களையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட சட்டத்தின் வாரிசு அது. அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும், 'வெறும் இரும்பு' என்ற சாக்கு மறைந்துவிடும் என்பதற்கு அது அத்தாட்சி.

அமெரிக்காவிலும் குழல்வாய்ச் சாமான்களில் ஒன்றே ஒன்று அப்படிக் கணக்கில் இருந்தது: சைலன்சர். 1934-ல் அதற்கு 200 டாலர் வரியும் பதிவும் விதித்தார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான பட்ஜெட் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று கேட்டு, சைலன்சர் வியாபாரிகள் 2025-லேயே கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.