டி.ஏ. வேலை: பயிற்சியா, சம்பளமா?

'டி.ஏ' என்றால் அரசு ஊழியர் வீடுகளில் அகவிலைப்படி. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேற... டீச்சிங் அசிஸ்டன்ட். பேராசிரியருக்கு உதவியாக டுடோரியல் எடுப்பது, லேப் பார்த்துக்கொள்வது, விடைத்தாள் திருத்துவது. பதிலுக்குப் படிப்புச் செலவுக்குப் பணம். கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊரில் அந்தப் பணம் கைக்கு வருகிறதா?

புதுச்சேரி வைத்திக்குப்பத்தையே எடுத்துக்கலாம். மாசி மகத் தீர்த்தவாரிக்கு சாமிகள் வந்து கூடுகிற மீனவர் பகுதி. இங்கிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே போனால் காலாப்பட்டு, 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆக, பிஹெச்.டி சேர தூரம் தடையில்லை. பணம்தான் தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாள்களில், படகை நம்பியிருக்கிற வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வரும் உதவித்தொகை பாக்கெட் மணி அல்ல, அரிசிக் காசு.

அது எவ்வளவு?

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி சேர்பவருக்கு யு.ஜி.சி தரும் நெட் அல்லாத உதவித்தொகை 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் இதை நிறுத்த யு.ஜி.சி முடிவெடுத்தபோது, டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உதவித்தொகை தப்பியது. ஆனா, அடுத்த எட்டு வருடத்தில் ஜே.ஆர்.எஃப் 25,000-லிருந்து 37,000 ஆனபோதும் இது 8,000-லேயே நின்றது.

இந்த நிலையில்தான் யு.ஜி.சி-யின் 2022 பிஹெச்.டி விதிமுறை வந்தது. ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், லேப், மதிப்பீட்டு வேலை தரலாம் என்கிறது அது. அந்த வரியில் மணிக்கணக்கு இருக்கு, சம்பளக் கணக்கு இல்லை. கற்பித்தல் அனுபவம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், 37,000 வாங்குபவரும் 8,000 வாங்குபவரும் ஒரே வேலையைச் செய்யும்போது, இரண்டாமவர் அதே நேரத்தில் டியூஷன் எடுத்து வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம். இலவச உழைப்பின் சுமை எல்லோருக்கும் ஒன்றல்ல.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பிஹெச்.டி மாணவர்களுக்கு டி.ஏ வேலையோடு பெரும்பாலும் கல்விக் கட்டண விலக்கும் சம்பளமும் சேர்ந்தே வரும். எஃப்-1 விசாவில் படிப்பவர், வகுப்புகள் நடக்கும் நாள்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளமும் சும்மா உயரவில்லை. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கணிசமாக உயர்ந்தது. நம்ம புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸில், ஒப்பந்த ஊதியம் பெறும் ஆய்வு மாணவர் வருடத்துக்கு அதிகபட்சம் 64 மணி நேரம் வகுப்பெடுக்கலாம். அதற்குத் தனி ஊதியம் உண்டு.

உடனே 'அப்போ ஃபாரின்தான்' என்று கிளம்பிடாதீங்க. எம்.எஸ் படிப்புக்கு டி.ஏ வேலை உத்தரவாதம் இல்லை. 'போய்ச் சேர்ந்தா கிடைச்சிடும்' என்ற நம்பிக்கையில் வீட்டை அடமானம் வைப்பது ஆபத்து. சேர்க்கைக் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: கட்டண விலக்கு முழுசா, பாதியா? சம்பளம் 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? எத்தனை வருடத்துக்கு உறுதி? எழுத்தில் இல்லாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே நாம் கேட்க வேண்டியதும் எளிமையானதுதான். வாரம் இத்தனை மணி நேரம் என்று விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, மணிக்கு இத்தனை ரூபாய் என்று பக்கத்திலேயே எழுதுவது கஷ்டமில்லை. அதை எழுதாதவரை, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டி.ஏ வேலை பயிற்சி. வைத்திக்குப்பத்துப் பிள்ளைக்கு அது கைக்காசு போட்டுப் பார்க்கிற வேலை.